காதோரச் சுழி

கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் ஓமினே அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த வருடம் கடற்பாசி நன்றாக விளைந்தது. அடுத்த வருடம் புயல். அதற்கடுத்த வருடம் அண்ணிக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. அவள் திரும்பிப் போகவில்லை. அவள் புருஷன் தொராகிச்சி வந்து கூப்பிடவும் இல்லை. எங்கள் ஓமோரிக் கரையிலிருந்து அவன் இருக்கிற எடோ நகரம் ஒன்றும் கடல் கடந்து இல்லை. காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குப் போய்விடலாம்.

அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அந்த வீட்டில் நடப்பது எல்லாம் தெரியும். உறவை அறுத்துவிட்டேன் என்று தொராகிச்சி எழுதிக் கொடுத்திருந்தாலாவது ஊருக்கு ஒரு பேச்சு முடிந்திருக்கும். வேறு ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று அண்ணனும் முயன்றிருப்பான். அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இதில் ஓமினே ஒன்றை மட்டும் விடவில்லை. கல்யாணமான பெண் பல்லுக்குக் கறுப்பு பூசுவாள் இல்லையா, அதைத் தவறாமல் பூசிக்கொண்டு வந்தாள். இரும்புத் துண்டைப் புளித்த நீரில் ஊறவைத்துக் காய்ச்சுகிற அந்த மை நாறும். அவள் அண்ணி ஓசுயே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"யாருக்குடி இந்தக் கறுப்பு? கடல்ல இருக்கிற மீனுக்கா? வீடே துருப்பிடிச்ச ஆணியாட்டம் நாறுது!"

ஓமினே பதில் சொல்ல மாட்டாள். வாய் நிறைய மை இருக்கும்போது எப்படிச் சொல்வாள்?

அவள் வந்ததற்குக் காரணம் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு நாமி என்று ஒரு பெண் குழந்தை. அம்மை போட்டு இறந்துபோனது. அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே தொராகிச்சி பலகையை எடுத்துவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் படம் அச்சடிக்கும் மரப்பலகைகளைச் செதுக்குகிறவன். அதிலும் முடி செதுக்குகிறவன். ஓவியர் வரைந்து தருகிற பெண்ணின் படத்தில் கொண்டைக்கு வெளிக்கோடு மட்டும்தான் இருக்கும். நெற்றியிலும் காதோரத்திலும் தோலிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு இழையையும் செதுக்குகிறவன்தான் தன் கையால் போட வேண்டும். பட்டு நூலைவிட மெல்லிய இழைகள். அன்றைக்கும் அவன் இழை இழையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு அழுகையே வராதா?" என்று இவள் கேட்டாள்.

அவன் தலை நிமிரவில்லை. கத்தி நிற்கவில்லை. இவள் துணியை மூட்டை கட்டினாள்.

"ரெண்டு நாள்ல வந்து கூப்பிடுவார்னு நெனைச்சேன் அக்கா," என்றாள் என்னிடம். "அப்புறம் பத்து நாள்ல வருவார்னு நெனைச்சேன். அப்புறம் கணக்குப் பண்றதை விட்டுட்டேன்."

அவள் வந்த நாலாவது வருடம் பாசிக் காலம் தொடங்கும் முன்பு கரைப் பெண்கள் சிலர் எடோவில் இருக்கிற அசகுசா கோயிலுக்குப் போனோம். ஓசுயே அங்கே ஒரு படக்கடையில் ஒரு படம் வாங்கினாள். கோயில் பக்கத்துத் தேநீர்க் கடையில் வேலை பார்க்கிற ஒகாயோ என்ற பெண்ணின் படம். நகரம் முழுக்க அவள் பேச்சுதான், அவளைப் பார்க்கவே ஆண்கள் வரிசையில் நின்று தேநீர் குடிக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். கையில் தட்டு, கழுத்தைச் சற்றே திருப்பிய தோரணை. எனக்குத் தெரிந்து அந்தப் படங்களில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்தான். நீள முகம், கீறிவிட்டது போலக் கண், ஒரே இழுப்பில் மூக்கு, மொட்டு மாதிரி வாய். பணக்காரிக்கும் அதுதான், வேலைக்காரிக்கும் அதுதான். ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. ஓசுயே அதை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

ஓமினே கிணற்றடியிலிருந்து முள்ளங்கி கழுவிக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். முள்ளங்கியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி, பேயைக் கண்ட மாதிரி?" என்றாள் ஓசுயே.

ஓமினேக்கு நெற்றிப்பொட்டில், காதுக்குச் சற்று மேலே, முடியில் ஒரு சின்னச் சுழி உண்டு. எண்ணெய் போட்டு எத்தனை இழுத்துக் கட்டினாலும் நாலு இழை மட்டும் படியாமல் மேல்நோக்கி வளைந்து திரும்பும். சின்ன வயதில் அவள் அம்மா அந்த இடத்தில் எச்சில் தொட்டு அழுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் இருந்த பெண்ணின் காதோரத்தில் அதே சுழி இருந்தது. அதே நாலு இழை. அதே வளைவு.

ஓசுயே படத்தைப் பார்த்தாள், ஓமினேயைப் பார்த்தாள். எதற்கும் வாய் மூடாதவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஓமினே நகரத்துக்குக் கிளம்பினாள். அங்கே நடந்ததை எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் பாசியை நறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னாள். ஒரே நாளில் சொல்லவில்லை. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்.

முதலில் ஊருக்குள் வேறு ஒரு படக்கடைக்குப் போயிருக்கிறாள். மூங்கில் கவ்வியில் மாட்டிக் கயிறு கயிறாகப் படங்கள் தொங்கின. மழையில் குடை பிடித்து நிற்கிற பெண். கண்ணாடி முன்னால் கழுத்துக்கு வெள்ளை மாவு பூசுகிறவள். மின்மினி பிடிக்கிறவள். புகைக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிற தாசி. எல்லாருக்கும் அல்ல, ஆனால் பலருக்கும் அந்தச் சுழி இருந்தது. அவன் செதுக்கிய பலகைகள் எவை என்று அதை வைத்தே இவளால் சொல்ல முடிந்தது. அவன் பெயர் எந்தப் படத்திலும் இருக்காது. ஓவியர் பெயரும் பதிப்பித்த கடையின் முத்திரையும்தான் இருக்கும்.

ஒரு படத்தில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கை அம்மாவின் காதோரத்துக்கு நீண்டிருந்தது. அந்த அம்மாவுக்கும் சுழி.

"அதைப் பார்த்ததும் அழுகை வரும்னு நெனைச்சேன் அக்கா. கோவம்தான் வந்துச்சு. இத்தனை பொம்பளைங்க தலையில என்னைக் கொண்டுபோய் வெச்சிருக்காரு. அரை நாள் வழி நடந்து வர முடியலையா அந்த மனுஷனுக்கு?"

கோபத்தோடு நேரே புருஷன் வீட்டுக்குப் போகாமல், கால் அவளை அசகுசா பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தன் முடியை வைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும்.

தேநீர்க் கடையில் கூட்டம் அவ்வளவாக இல்லை. ஒகாயோ தட்டோடு வந்தாள். பதினேழு வயது இருக்கும். வட்ட முகம், பெரிய கண், மூக்கின் மேல் இரண்டு மச்சம். படத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் காதோரத்தில் நாலு இழையை மெழுகு வைத்துச் சுருட்டி ஒட்டியிருந்தாள்.

ஓமினேயைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, நீங்களுமா! இந்த ஊர்ல பொண்ணுங்க எல்லாம் இதைச் சுருட்டிக்கிட்டு அலையுதுங்க. கல்யாணமாகிப் புருவம் மழிச்ச அக்காமாரும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அந்தப் பெண் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஐயோ, எவ்வளவு நல்லா வந்திருக்கு! என்ன போடுறீங்க? எனக்கு மத்தியானத்துக்குள்ள விழுந்துடுது. விழுந்துச்சுன்னா போதும், 'ஏம்மா, நீதானா அந்த ஒகாயோ, படத்துல மாதிரி இல்லையே'ன்னு கேக்க ஆரம்பிச்சிடுறானுங்க."

"நான் ஒண்ணும் போடல. பிறவியிலேயே இருக்கு."

"பிறவியிலேயேவா?"

"அதைச் செதுக்கினவர் என் வீட்டுக்காரர்."

ஒகாயோ தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்தாள். கடைக்காரி உள்ளிருந்து கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்போ அது நீங்களா! நான் என்னவோ ஓவியர் என்னைப் பார்த்துத்தான் வரைஞ்சார்னு பெருமையா திரிஞ்சேன். ஒரு கப் தேநீர் குடிக்கிற நேரம் உக்காந்திருந்தார், அவ்வளவுதான். மூக்கு அவர் எல்லாருக்கும் போடுற மூக்கு. கிமோனோவுல இருக்கிற பூ, துணிக்கடைக்காரர் போடச் சொன்னது. முடி உங்களோடது. என்னோடது பேர் ஒண்ணுதான் இருந்துச்சு. இப்போ படத்துல பொம்பளைங்க பேரை எழுதக் கூடாதுன்னு அதிகாரிங்க உத்தரவு போட்டுட்டாங்க. அதுவும் போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா அக்கா, உங்க வீட்டுக்காரர் குடுத்துவெச்சவர் இல்ல, நீங்கதான் குடுத்துவெச்சவங்க. என்னைப் பார்க்க நித்தம் அத்தனை பேர் வர்றானுங்க. என் மூக்குல மச்சம் இருக்கிறது ஒருத்தனுக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு என்னைச் சொல்லச் சொன்னா படத்தைத்தான் சொல்லுவானுங்க."

குடித்த தேநீருக்கு அவள் காசு வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது ஓமினேயின் காதோரத்தை விரல் நுனியால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் முன்பு குடியிருந்த கன்டா வரிசை வீடுகள் அப்படியேதான் இருந்தன. கதவு திறந்திருந்தது. தொராகிச்சி வாசல் வெளிச்சத்தில் பலகை முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது. இவள் நிழல் பலகை மேல் விழுந்ததும், "வெளிச்சத்தை மறைக்காதீங்க," என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கத்தி கையில் இருந்து நழுவிப் பாயில் விழுந்தது.

இவள்தான் ஆரம்பித்தாள்.

"ஓமோரிக்கு வழி மறந்துபோச்சா?"

"ஷினகாவா வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவை."

"அங்கிருந்து கூப்பிடு தூரம்தானே?"

"ஆமா. ரெண்டாவது தடவை இன்னும் கொஞ்ச தூரம் வந்தேன், உங்க கரையே தெரிஞ்சுது. பாசி காயப் போட்டிருந்தீங்க. உங்க அண்ணன் பிள்ளைங்க ஓடி விளையாடிட்டு இருந்துச்சுங்க. அந்தச் சத்தம் கேட்டுச்சு." அவன் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். "அதுக்கு மேல கால் வரல."

ஓமினே படியில் உட்கார்ந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்தபடி.

"அன்னிக்கு ஏன் பலகை முன்னாடி போய் உக்காந்தீங்க?"

"கை நின்னா நான் விழுந்துடுவேன்னு பயமா இருந்துச்சு." பாயில் விழுந்த கத்தியை எடுத்து வைத்தான். "நீ அழுதே. உனக்கு அது தெரிஞ்சுது. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

பக்கத்து வீட்டில் யாரோ அரிசி குத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் இவள் கேட்டாள்.

"ஏன் என் முடியை எல்லார் தலையிலயும் வெச்சீங்க?"

"வேணும்னு வைக்கல. முதல் தடவை கை தானா போயிடுச்சு. ஓவியர் திட்டுவார்னு நெனைச்சேன். நல்லா இருக்குன்னுட்டார். அப்புறம் வீட்டுல பேச ஆள் இல்ல. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும்…" அவன் முடிக்கவில்லை. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே. உன் முடி கைக்கு வருது. முகம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா அந்தப் படத்து மூஞ்சிங்கதான் வருது."

மற்ற எதையும்விட அதுதான் அவளைச் சுட்டது. என்னிடம் இதைச் சொல்லும்போதுகூடப் பாசி நறுக்குகிற கத்தியை ஓங்கிப் போட்டாள். ஆனால் அங்கே அவள் எழுந்து போகவில்லை. வாசல் பக்கமிருந்து திரும்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்போ பாருங்க."

அவன் பார்த்தான். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு, பிறகு பலகையைப் பார்ப்பது போல நிதானமாக. மழித்த புருவம். கடல் காற்றில் கறுத்த கன்னம். கண்ணுக்குக் கீழே அவன் அறியாத கோடுகள். அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தபோது அவன் சட்டென்று முன்னால் குனிந்தான்.

"பல்லு…"

"ஆமா. கறுப்புதான்."

"இத்தனை நாளுமா?"

"அண்ணி திட்டிக்கிட்டேதான் இருக்கா."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஓமினே பார்த்துக்கொண்டிருந்தாள். தேற்றவில்லை. வர வேண்டியது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் இவள் எழுந்தாள். "பாசிக் காலம் தொடங்கப்போகுது. அண்ணனுக்குக் கை வேணும். விட்டுட்டு வர முடியாது."

"சரி."

"வசந்தத்துல முடிஞ்சுடும். அப்போ வாங்க. ஷினகாவாவுல நிக்காம வாங்க. வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. விடியலில் படகில் போய், கடலில் ஊன்றிய கிளைகளிலிருந்து பாசியைப் பறிக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். கரைக்கு வந்து நறுக்கி, தண்ணீரில் கலக்கி, சட்டத்துக்குள் ஊற்றிச் சின்னப் பாய்களில் காகிதம் போலப் படியவைத்து வெயிலில் சாய்க்க வேண்டும். ஓமினே அவ்வளவு வேலையையும் செய்தாள். ஆனால் நிழல் அசைந்தால் நகரத்துப் பாதையைப் பார்ப்பாள். வசந்தத்தில்தான் வரச் சொல்லியிருந்தாள், இருந்தும் பார்ப்பாள். முன்பெல்லாம் இப்படிப் பார்த்ததில்லை. நம்பிக்கை இல்லாதபோது இல்லாத ஏக்கம் இப்போது வந்துவிட்டது.

"போய்ப் பார்த்ததே தப்பு அக்கா," என்பாள். "முன்னாடி மரத்துப்போயிருந்துச்சு. இப்போ வலிக்குது."

புதுவருடத்துக்கு அவள் அண்ணன் நகரத்துக்குப் பாசி கொண்டுபோய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பட்டமும் மனைவிக்குப் புதுப் படமும் வாங்கி வந்தான். பனியில் நிற்கிற ஒரு பெண். பதிப்பித்த கடை அதேதான். இழைகள் அதே கைதான், ஓமினேக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காதோரம் வழவழவென்று படிந்திருந்தது. சுழி இல்லை.

ஓசுயே வேறு சும்மா இருக்காமல், "நகரத்துல இப்போ பொண்ணுங்க யாரும் சுருட்டிக்கிறது இல்லையாம், மவுசு போயிடுச்சாம்," என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் ஓமினே சாப்பிடவில்லை. எத்தனையோ பெண்கள் தலையில் இருந்தபோது கோபப்பட்டவள், இப்போது எங்கேயும் இல்லை என்றதும் துவண்டுபோனாள். மறந்துவிட்டானா? பார்த்தது போதும் என்று ஆகிவிட்டதா? மூன்றாம் நாள் பல்லுக்கு மை காய்ச்சினாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். பிறகு பூசிக்கொண்டாள்.

பீச் மரம் பூத்த சமயம். கடைசிப் பாசிப் பாய்களை நாங்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தோம். பாதையில் ஒரு ஆள் வந்தான். வளைந்த முதுகு, புதுச் செருப்பு, முகம் வெளுத்துப்போயிருந்தது. வீட்டு வாசலில் நின்றான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஓமினே உட்பட. அவள் அசையவில்லை. அவன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான்.

"ஓமினே!"

குரல் உடைந்து கோழி கத்துவது போல வந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டன. ஓசுயே ஒரு பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க மாப்பிள்ளை!" என்று அவளே கத்தினாள். "நாலு வருஷம் தள்ளி இருக்கா, கேக்க வேணாமா?"

"ஓமினே! வீட்டுக்குப் போகலாம்!"

ஓமினே ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"புதுப் படம் பார்த்தேன். சுழி இல்லையே."

"நீ வந்துட்டுப் போன அன்னியிலிருந்து கை அந்தப் பக்கம் போகல," என்றான் அவன். "இப்போ கண்ணை மூடினா உன் மூஞ்சி வருது. அதை எப்படிச் செதுக்குறதுன்னு எனக்குத் தெரியாது."

அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் பிறகு என்னிடம் சொன்னாள். படத்தில் இருந்தவரை எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் அவள் இருந்தாள். இனி ஒருத்தன் கண்ணுக்குள் மட்டும்தான்.

அன்று மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஓசுயே மட்டி போட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பத் தயாரானார்கள். நாலு வருடத்துக்கு முன்பு வந்தபோது கொண்டுவந்த அதே அளவு மூட்டைதான் ஓமினேயிடம் இருந்தது. ஓசுயே அதற்குள் பாசிக் கட்டுகளைத் திணித்துக்கொண்டே இருந்தாள். போதும் அண்ணி என்றால் கேட்கவில்லை. "நகரத்துல விக்கிறது எல்லாம் குப்பை," என்று மூக்கைச் சிந்தினாள். "நீ போனா வீடு நாறாது. நல்லதாப் போச்சு."

நான் பாதை முனை வரை கூடப் போனேன். தொராகிச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்தான். திருப்பத்தில் ஓமினே நின்று திரும்பிப் பார்த்தாள். அலை உள்வாங்கிக் கடல் வெகுதூரம் போயிருந்தது. வெறும் கிளைகள் சேற்றில் வரிசையாக நின்றன. ஓசுயே இடுப்பில் சின்னப் பிள்ளையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை.

"அக்கா, இங்க இருந்தப்போ ஒரு நாள்கூட இதை நான் சரியாப் பார்த்ததில்ல," என்றாள் ஓமினே. அவள் கண் அண்ணியை விட்டு நகரவில்லை.

தொராகிச்சி அவசரப்படுத்தவில்லை. மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும் வரை நின்றான்.